கழுத்தில் இருந்தது அழுக்கல்ல

வியாழக்கிழமை காலை ஓட்டலில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் அண்ணனின் மகன் பின்வாசலில் வந்து நின்று, "அப்பா போயிட்டாருங்க" என்றான். எழுத்தறியாத நான் சொல்லச் சொல்ல, அவனே இதை எழுதுகிறான்.

தேரடித் தெருவில் எங்கள் ஓட்டலில் அண்ணன் சப்ளையராக இருந்தார். விடியலிலேயே குளித்து, நீலம் போட்டு வெளுத்த சட்டையோடுதான் உள்ளே வருவார். இலையைத் திரும்பத் திரும்பக் கழுவிய ஒருவரிடம், "போதும் சார், இலை கிழிஞ்சிடும். என் கையப் பாருங்க, அதவிட சுத்தம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தவர்.

போன வருடம் அவர் பிடரி கறுக்கத் தொடங்கியது. கரி பூசினாற்போல் இருந்தது, தொட்டால் சொரசொரப்பு. தீபத் திருவிழாக் கூட்டத்தில் சாம்பார் ஊற்றக் குனிந்தபோது ஒரு ஆள் கேட்டான்: "ஏன்யா, ஊர்ல இத்தினி குளம் இருக்குது, உனக்குக் கழுத்து கழுவத் தண்ணி கம்மியா?" பந்தியே சிரித்தது. சட்னி வாளியோடு நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் முதலாளி, "கன்னியப்பா, நீ உள்ள காய் நறுக்கு" என்றார். அன்று முதல் அண்ணன் கழுத்திலிருந்து துண்டு இறங்கவில்லை.

கிணற்றடியில் என்னிடம் பீர்க்கங்காய் நாரைக் கொடுப்பார். "தேய்டா."

"ரத்தம் வருதுண்ணே."

"வரட்டும். அழுக்கு போனா சரி."

தினம் குளிக்கிறவருக்கு ஏது அழுக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேய்த்தேன். இரண்டு இட்லிகூட இறங்காமல் அவர் மெலிந்ததை, மனக்கவலை என்று நினைத்தோம். டாக்டரிடம் போகலாம் என்றால், "சட்டையக் கழட்டச் சொல்லுவாங்கடா. அவரும் அழுக்குன்னுவாரு" என்பார்.

உள்ளங்கையும் தடித்து, கத்தி பிடிக்க முடியாமல் போன பிறகுதான் வேலூருக்கு இழுத்துப்போனேன். டாக்டர் துண்டை எடுத்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "சாப்பாடு இறங்குதா?" என்றுதான் முதலில் கேட்டார். சோதனைகள் முடிந்ததும் சொன்னார்: "வயித்துல கேன்சர் இருக்குதுங்க. சில பேருக்கு அது தோல்ல இப்படிக் காட்டும். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."

அண்ணன் அவரை முடிக்க விடவில்லை. "அப்ப இது அழுக்கு இல்லதானே டாக்டர்?"

"இல்லைங்க."

என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியாடா?" என்றார். சாவைச் சொன்ன இடத்தில் அந்த மனிதர் முகத்தில் நிம்மதி. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாழன் மாலை அவரைக் குளிப்பாட்டினோம். பங்காளி ஒருவர் நாரை எடுத்து, "கழுத்த நல்லா தேய்ங்கப்பா" என்றார். அதை வாங்கி ஓரமாகப் போட்டேன்.

"அது அழுக்கு இல்ல" என்றேன்.

அன்றைக்குப் பந்தியில் என் வாயில் வராத வார்த்தை. வெறும் தண்ணீரை, அவருக்கு எரியுமே என்பதுபோல் மெதுவாக ஊற்றினேன். துண்டு போர்த்தவில்லை.

அண்ணே, கழுத்தத் திறந்துக்கினே போங்க.