பன்னிரண்டு தெப்பங்கள்

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நெனிதா, வளைகுடாவில் தான் வேலை பார்த்த முவைலா என்ற ஊரை விட்டுப் போனாள். அவள் ஊரில் புயல் அடித்து அன்று மூன்றாம் நாள். லாண்டரியின் பின்வாசலில் டிரைவர் வீரபாண்டி வேனைக் கிளப்பி வைத்திருந்தான். ஓட்டல்களுக்குப் போகும் விரிப்பு மூட்டைகளை ஓரமாகத் தள்ளி அவள் பெட்டிக்கு இடம் செய்திருந்தான். மேனேஜர் காதர் மைதீன் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, "போயிட்டு வா நெனிதா, அல்லா நல்லதே காட்டுவான்" என்றார். அவள் தலையசைத்தாள். இஸ்திரி மெஷின் பக்கம் நின்ற நேபாளிப் பெண்களுக்குக் கை காட்டினாள். பானுப்பிரியாவை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நாலு வருஷமாக ஒரே ரூமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அப்படிப்பட்டவள் முகம் பாராமல் வேனில் ஏறிப் போனதன் காரணம் பானுவுக்குத் தெரியும். அதைச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் போல இருந்தது.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிராக நடந்து வந்து சேர வேண்டும். ஒரு டூட்டிக்கு நானூறு விரிப்பு. நெனிதா தன் ஊர்க்கதையைச் சொன்னதெல்லாம் அந்த நடையில்தான். கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், அடுத்த விரிப்புக்கு அடுத்தது. பாதி இங்கிலீஷ், பாதி இந்தி.

பிலிப்பைன்ஸில் போஹோல் தீவுக்கு வடக்கே சாண்டா ரூபினா என்று ஒரு துண்டு மண். முந்நூறு வீடு, ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம். வயல் கிடையாது. குடிக்கிற தண்ணீரே படகில்தான் வரும். நெனிதாவின் அப்பா காலத்தில் பாட்டிலில் வெடிமருந்தை அடைத்துக் கடலில் எறிந்து மீன் பிடித்தார்கள். பவளப்பாறை போனது, மீன் போனது, ஒருநாள் அப்பாவின் இடது கையும் மணிக்கட்டோடு போனது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு, காய வைத்தால் நல்ல விலைக்குப் போகும் கடல்பாசி வளர்ப்பு வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு கயிறு கட்டி, விரல் நீளப் பாசித் துண்டுகளை அதில் முடிந்துவிட்டால் போதும். ஒன்றரை மாதத்தில் கயிறு பாரம் தாங்காமல் தொய்யும். ஓலைக் கூரையெல்லாம் தகரமானது. அப்பா ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டே நெனிதாவையும் தம்பி ரொதேலையும் படிக்க வைத்தார்.

பிறகு கடல் சூடேறத் தொடங்கியது. பாசி வெள்ளை பூத்து, கயிற்றிலிருந்து கழன்று உதிர்ந்தது. வீட்டுக்கு ஒரு பெண் விமானம் ஏறினாள். நெனிதா ஏறியது பதினோரு வருஷத்துக்கு முன்னால்.

பானு, மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. பாசி என்ற சொல்லைக் கேட்டதும் விரிப்பைக் கீழே விட்டுவிட்டாள்.

"எங்க ஊர்லயும் அதே பாசிதான் ஆத்தே!" அக்காளை அவர்கள் ஆத்தே என்றுதான் கூப்பிடுவார்கள்; பானுவுக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது.

"அது எங்க கடல்ல இருந்து வந்த விதை. திருடிங்க!" என்று நெனிதா சிரித்தாள்.

"திருடுனாலும் உங்களை விட நல்லா வளர்ப்போம். நாங்க கம்பெல்லாம் நட மாட்டோம். மூங்கில்ல சதுரமா தெப்பம் கட்டி ஆழத்துல மிதக்க விடுவோம். அங்க தண்ணி குளுகுளுன்னு இருக்கும், பாசி வெளுக்காது."

கிழிந்த தலையணை உறை ஒன்றின்மேல் மார்க்கரால் படம் போட்டுக் காட்டினாள் பானு. நெனிதா அதைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். ரொதேல் ஒரு தெப்பம் கட்டினான், பிறகு நாலு, பிறகு பன்னிரண்டு. கடலில் கட்டில் போட்டுப் படுக்கப் போகிறான் என்று ஊரே கேலி செய்தது. பாசி தளதளவென்று வந்ததும் கேலி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வீடியோவில் ரொதேல் பெரிய கொத்தைத் தோளில் சாய்த்து, "டீச்சர் பானு!" என்று கத்துவான். தன் ஊரில் யாரும் ஒரு யோசனை கேட்டிராத பானுவுக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

புயல் நாள் சனிக்கிழமை. டூட்டியில் போன் கூடாது. நெனிதா தலையணை உறைகளுக்கு நடுவே போனை ஒளித்து வைத்திருந்தாள். காதர் மைதீன் பார்த்தும் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். பதினொன்றரை மணிக்கு ரொதேல் கூப்பிட்டான். அங்கே பிற்பகல் மூன்றரை. ஊர் மொத்தமும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் ஏறிவிட்டது. கம்பு நட்டவர்கள் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இவனுடைய தெப்பங்கள் நங்கூரக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

நெனிதா போனைக் கையால் மூடினாள். "பானு, ஜல்தி சொல்லு. காத்து வந்தா உங்க ஊர்ல தெப்பத்தை என்ன பண்ணுவீங்க?"

"கரைக்கு இழுத்துருவோம் ஆத்தே. மண்ணுல ஏத்திட்டா ஒண்ணும் ஆகாது. ஒரு மணி நேர வேலை."

நெனிதா தன் மொழியில் அதைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒற்றைச் சொல் கேட்டது. போன் அணைந்தது.

பானு சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஊருக்கு வாடைக்காற்று சொல்லிவிட்டு வரும். ஐப்பசிக்கு முன்னாலேயே, கடல் தட்டு மாதிரி கிடக்கிற ஒரு காலையில், பத்துப் பேர் சேர்ந்து பேசிச் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். புயல் கூண்டு ஏறிய பிறகு எவனும் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். பன்னிரண்டு என்ன, நூறு தெப்பம் போனாலும் கரையில் நின்று பார்ப்பார்கள்.

இது அவளுக்கு இருபது விரிப்பு மடித்த பிறகுதான் உறைத்தது. கை நின்றது.

"ஆத்தே, திரும்பக் கூப்பிடு. இறங்க வேணாம்னு சொல்லு."

"ஏன்?"

"காத்து கெளம்புனப்புறம் நாங்களும் இறங்க மாட்டோம்."

நெனிதாவின் கையிலிருந்து விரிப்பு நழுவியது. "இதை ஏன் அப்பவே சொல்லலை?"

அவள் நம்பரை அழுத்தினாள். மணி போகவில்லை. மறுபடி அழுத்தினாள். ஈரத் துணி மூட்டைகள் வந்து குவிந்தன. மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் காதில் போனை வைத்தபடி நின்றாள். காதர் மைதீன் வந்தார், பார்த்தார், தானே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நெனிதா பானுவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளும் தீவிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை.

ஏர்போர்ட்டிலிருந்து வீரபாண்டி திரும்பியதும் பானு வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாச்சும் சொன்னாளாண்ணே?"

"எங்க பேசுச்சு? ஜெபமாலைய உருட்டிக்கிட்டே வந்துச்சு. ஏன் தங்கச்சி, ரெண்டு பேரும் சண்டையா?"

முதல்முறையாக அவள் அதைச் சொன்னாள். வீரபாண்டி பரமக்குடிப் பக்கத்துக்காரன், கடலை இங்கே வந்துதான் பார்த்தவன்.

"நீயா அவனைப் புடிச்சுத் தள்ளுன? கடல்லயே பொறந்த பய, அவனுக்குத் தெரியாதா?"

"கடல் தெரியும்ணே. தெப்பம்தான் அவனுக்குப் புதுசு. நான் குடுத்தது."

வீரபாண்டி வேனின் பின்கதவைத் திறந்தான். மூட்டைகளை இறக்கப் போய்விட்டான்.

தினமும் ஒரு மெசேஜ் அனுப்பினாள் பானு. பத்து நாள் ஒற்றை டிக். பதினோராம் நாள் எல்லாம் மொத்தமாக நீலமாயின. பதில் இல்லை. படித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு இன்னொன்று அனுப்பப் பயம் வந்தது. சோறு பாதியில் நின்றது.  போன் அதிர்ந்தால், கம்பெனி ஆஃபர் மெசேஜாக இருந்தாலும் உடனே திறந்து பார்த்தாள்.

பிப்ரவரியில் காதர் மைதீன் கூப்பிட்டார். "நெனிதா இனி வரலையாம்மா. விசாவை கேன்சல் பண்ணச் சொல்லி மெயில் போட்டிருக்கா."

"தம்பியப் பத்தி எதாச்சும்..."

"அதெல்லாம் எழுதலைம்மா."

பக்கத்துக் கட்டிலுக்கு அருணா என்று ஒரு புதுப்பெண் வந்தாள். பேச்சுக்காரி. விரிப்பின் மறுமுனையிலிருந்து ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். ஒருநாள், "உங்க ஊர்ல மீன் குழம்புக்குப் புளி எவ்வளவுக்கா போடுவீங்க?" என்று கேட்டாள். பானு பதில் சொல்லாமல் விரிப்பை உதறினாள். யாருக்கும் எதையும் இப்படிச் செய் என்று சொல்லும் துணிவு அவளிடம் இல்லாமல் போயிருந்தது.

ஜூலையில், ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், புதிய நம்பரிலிருந்து அது வந்தது. அவர்கள் இருவரும் பேசும் அந்தப் பாதி இங்கிலீஷ், பாதி இந்தியில்தான் எழுதியிருந்தது:

"பானு. ரொதேல் கிடைக்கவில்லை. தெப்பத்தை இழுக்கத்தான் போனான். ஏழு இழுத்திருந்தான், எட்டாவதுக்கு இறங்கினானாம். அதற்கு நீ காரணம் இல்லையென்று சொல்லி உன்னை ஆற்ற என்னால் முடியாது. ரொம்ப நாள் உன் பெயரைக் கேட்டாலே எரிந்தது. கம்பு நட்ட வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் கரையேற்றிய ஏழிலிருந்துதான் ஊருக்கு விதை எடுத்தோம். இப்போது அவன் மனைவியும் இன்னும் ஐந்து வீடும் தெப்பம் கட்டுகிறார்கள். என்னைக் கேட்கிறார்கள், நான் உன்னைக் கேட்கிறேன். எந்த மாதம் கரையேற்றுவீர்கள்? எத்தனை பேர் இழுப்பீர்கள்? எப்போது விட்டுவிட்டு ஓடுவீர்கள்? இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்."