நசுங்காத நாலாவது எலுமிச்சம்பழம்

கார் நின்றதற்குக் காரணம் ஓர் எலுமிச்சம்பழம் என்று நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மத்தியானம் வரைக்கும் நம்பினேன்.

திருக்கடையூரில் அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். குத்தாலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அக்காவையும் அத்தானையும் அழைத்துப் போகும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கி, தஞ்சாவூரிலிருந்து முதல்நாளே காரோடு போய் இறங்கியிருந்தேன். அத்தானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். அறுபது முடிகிறவரை வண்டி வாகனத்தில் ஜாக்கிரதை என்று ஜோசியர் வேறு சொல்லியிருந்தார். அதைக் கேட்டுச் சிரித்தது நான் ஒருவன்தான்.

விடியற்காலையில் பார்த்தால் பெட்ரோல் முள் அடியில் படுத்திருந்தது. ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். பெட்ரோல் பங்க் இருப்பதோ எதிர்த்திசையில். அத்தானின் மோட்டார் கொட்டகையில் மருந்தடிக்கும் மிஷினுக்கு வாங்கி வைத்த பெட்ரோல் தகரக் கேனில் கிடந்தது. மூடி தொலைந்து, வாயில் பாலித்தீன் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து ஊற்றினேன். என் முன்யோசனையைப் பற்றி அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

பிறகு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்பினோம். மூன்று நசுங்கின. நாலாவது நழுவி உருண்டு சாக்கடையில் விழுந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அக்காவும் திரும்பிப் பார்த்தாள். நான் கியரை மாற்றினேன்.

ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். அறுவடை மிஷினை ஏற்றிக்கொண்டு ஊர்ந்த லாரியை முந்த, பாதிக்கு மேல் ஏறிவிட்டேன். கார் இருமியது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன், இரண்டு உதறு உதறி அடங்கிவிட்டது. எதிரே பஸ், விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறது. பிரேக்கை மிதித்து, கல்லாகிப்போன ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்து, லாரிக்குப் பின்னால் ஒதுங்கி வாய்க்கால் கரையில் போய் நின்றேன்.

வாய்க்காலிலிருந்து ஓர் எருமை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. போகிற ஊரோ எமனை உதைத்த ஊர். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. திரும்பினால், அத்தான் கண்ணை மூடி, வலது கையை இடது மார்பில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று தெரியாது. கன்றுக்குட்டி மாதிரி இருந்தது என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அத்தான் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஏன் மாப்ள கத்துறீங்க? தாலி பையில இருக்கான்னு தொட்டுப் பாத்தேன்."

சாவியைத் திருகத் திருக ஒன்றும் நடக்கவில்லை. அத்தான் நெற்றியில் வேர்வை. அது வெயிலா, நெஞ்சா என்று கேட்கவும் பயம். ஓடிப்போய் அந்தப் பழத்தைத் தேடி எடுத்து வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் நிஜமாகவே சொன்னேன்.

"சாக்கடையில துழாவப் போறியா தம்பி? முதல்ல ஏதாவது வண்டிய நிறுத்து."

வாழையிலைக் கட்டு ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று நின்றது. பட்டு வேட்டி, பட்டுப்புடவையோடு இருவரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். அது கண்ணை விட்டு மறைகிறவரை, அத்தானின் தலை நேராக இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதேகாலுக்கு போன் வந்தது. எடுக்கப் பயந்து நாலு தடவை மணி அடிக்கவிட்டேன். அத்தான்தான். தாலி கட்டியாகிவிட்டதாம். "பழம் கிடைச்சுதா மாப்ள?" என்றார்.

மத்தியானம் மெக்கானிக் வந்தார். டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே பெட்ரோல், கீழே பாதிக்கு மேல் கலங்கிய தண்ணீர். எந்த பங்க்கில் போட்டீர்கள் என்று கேட்டார். நான் எருமையைப் பார்த்தேன்.

கொட்டகைக் கூரை ஒழுகி, கார்த்திகை மழை அந்தக் கேனுக்குள் இறங்கியிருந்தது. தண்ணீரையும் துருவையும் இழுத்துப் பெட்ரோல் பம்பு எரிந்துவிட்டது. ஊற்றியது நான்.