கோணல் படி

பல்லக்கா கோபம் வந்தால் கத்த மாட்டாள், மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கத்துவாள். தெருமுனை வரை கேட்கும். பல் மருத்துவமனையின் பின்னறையில் செயற்கைப் பல் கட்டுவது அவள் வேலை. முன்னறையில் டாக்டர் வாயை அச்செடுத்து அனுப்புவார், இவள் அதைப் பல்லாக்கித் தருவாள். அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு வெள்ளைப் பல்லைக் கண்டாலே ஆகாது. வயதான ஆள் ஒருவர் வந்து, சுவரில் தொங்கும் விளம்பரப் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி பளிச்சுனு வேணும்மா" என்பார். அவ்வளவுதான், போச்சு.

"பளிச்சுனு வேணும்னா பீங்கான் கடைக்குப் போங்க. இந்த மூஞ்சிக்குப் பதினாறு வயசுப் பல்லா? ஊரே சிரிக்கும். அப்புறம் எவ கட்டுனதுன்னு என்னையத்தான் கேப்பாங்க."

டாக்டர் முன்னறையிலிருந்து இருமுவார். அவள் காதில் வாங்கமாட்டாள். கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் மஞ்சள், முன்பல் ஒன்றில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கீறல், எல்லாம் வைத்துத்தான் அனுப்புவாள். மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தவர், தன் பழைய வாயே திரும்பி வந்துவிட்டதைப் பார்த்து காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போவார்.

வீட்டு முன்னறையில் ரயில் கட்டியதும் அதே கைதான்.

அந்த அறையில் நாற்காலி போட இடம் கிடையாது. வருகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளப் பலகை. பலகை மேல் சுண்ணாம்பு ஆலையின் சரக்கு முற்றம் அப்படியே சின்னதாக உட்கார்ந்திருக்கும். பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டரில் தரை. டீ வடிகட்டியில் சலித்த சாம்பலில் புழுதி. கல் கொட்டும் மேடை, ஓட்டை விழுந்த தகரக் கூரை, சாய்ந்து கிடக்கும் எண்ணெய்ப் பீப்பாய்கள். நடுவில் தண்டவாளத்தில் ஒரு டீசல் எஞ்சின். முழுசாக ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் அதைப் பார்த்தால் கையில் மசகு ஒட்டிக்கொள்ளுமோ என்று எவரும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள்.

துரு என்றால் சிவப்பு என்று நினைக்கிறவர்களோடும் அவளுக்குச் சண்டை உண்டு. புதுத் துரு வேறு நிறம், மழையில் நனைந்து நனைந்து காய்ந்த துரு வேறு நிறம். பல்லுக்குக் கறை வைக்கிற சாயத்தை எடுத்து, ஒரு துண்டுப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வைப்பாள். பெயிண்ட் உரிந்த இடம் வேண்டுமென்றால், முதலில் துரு நிறம் பூசி, அடுப்படியிலிருந்து உப்பெடுத்து அங்கங்கே தூவி, மேலே மஞ்சள் அடித்து, காய்ந்ததும் உப்பைச் சுரண்டிவிடுவாள். உப்பிருந்த இடமெல்லாம் உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்க்கும்.

"குழம்புல உப்பில்ல. ரயிலுக்குப் போட்டுட்டியா?" என்பான் தம்பி.

"தின்னு. வாய் கேக்குதோ?"

இந்தத் தம்பிக்காகத்தான் இத்தனையும். அவன் அந்த ஆலையில் எஞ்சினோடு சரக்கு வண்டிகளைக் கோக்கிற வேலையில் இருந்தான். எஞ்சின் பின்னோக்கி வரும்போது அதன் மூலைப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிறவருக்குக் கைகாட்ட வேண்டும். இடப்பக்கத்துப் படி ஒரு போல்ட் போய், கோணிக்கொண்டு தொங்கியது. மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் சொன்னான், அவருக்கு மேலிருந்தவரிடமும் சொன்னான். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்கள். ஒரு நாள் படி விட்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் சக்கரத்துக்குப் போயிற்று.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, விடிந்ததும் இவள் ஆலைக்கு ஓடினாள். அதற்குள் எஞ்சினுக்குப் புது மஞ்சள் பெயிண்ட். புதுப் படி. பெயிண்ட் இன்னும் காயக்கூட இல்லை. "படியெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. உங்க தம்பி ஓடுற வண்டியிலேர்ந்து குதிச்சாரு" என்றார்கள். ஓட்டிய டிரைவரை விசாரணையில் கூப்பிட்டு, "படி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். தம்பி "அண்ணே, அண்ணே" என்று காலைச் சுற்றிக்கொண்டிருந்த அதே டிரைவர்தான். தன் மகனுக்கு அங்கேயே வேலை கேட்டிருந்த நேரம் அது. குனிந்த தலை நிமிராமல், "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அத்தோடு கதை முடிந்தது. குதித்தவன் என்ற பெயர் தம்பிக்கு நிலைத்துவிட்டது. கடைத்தெருவில்கூட, "என்னப்பா, அவசரப்பட்டுட்டியே" என்று உச்சுக் கொட்டினார்கள்.

அந்தப் பெயரைத்தான் பல்லக்காவால் விழுங்க முடியவில்லை. அவர்கள் பெயிண்டில் அழித்த எஞ்சினை நானே திரும்பச் செய்கிறேன் பார் என்று உட்கார்ந்தாள். தம்பி கட்டிலில் படுத்தபடி சொல்லுவான். புகைப்போக்கியைச் சுற்றி எவ்வளவு கரி, டீசல் வழிந்த கறை எந்தப் பக்கம், சுண்ணாம்புத் தூசி மழையில் இறுகி எங்கே பத்துப் பிடித்திருந்தது, எல்லாம். அவன் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். எல்லாம் அமைந்தது. படி மட்டும் அமையவில்லை. பித்தளைத் தகட்டில் அந்தக் குட்டிப் படியை வெட்டி, வளைத்து, கொண்டுபோய் அவன் கண்முன் நீட்டுவாள். அவன் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "இல்லக்கா. இன்னும் கொஞ்சம்" என்பான்.

"என்னடா இன்னும் கொஞ்சம்? எந்தப் பக்கம்?"

"தெரியல. ஆனா இது இல்ல."

இப்படியே வருஷங்கள் ஓடின, நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு நாள் டாக்டர் அனுப்பிய அச்சோடு வந்த துண்டுச் சீட்டில் அந்த டிரைவரின் பெயர். மேலும் கீழும் மொத்தப் பல்லும் போய், பல் கட்ட வந்திருக்கிறார். பல்லக்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. உள்பக்கம் ஒரு சின்ன முனையை விட்டுவிட்டால் போதும், ஒவ்வொரு கவளத்துக்கும் நாக்கைக் கிழிக்கும் என்று முடிவு செய்தாள். முனையை விட்டும் விட்டாள். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து, தன்னையே திட்டிக்கொண்டு, தேய்த்து வழவழப்பாக்கினாள். பாழாய்ப்போன கை, கெட்ட வேலை செய்யத் தெரியாத கை. வீட்டுக்கு வந்து அந்த ஆத்திரத்தையும் தம்பி மேல்தான் காட்டினாள்.

"விடுக்கா. அந்தாளு வாய் வலிச்சா என் காலு முளைச்சுருமா?"

"உனக்கு வெக்கமும் இல்ல, ரோஷமும் இல்ல!"

"எல்லாம் நீயே மொத்தமா எடுத்துக்கிட்டா எனக்கு எங்கேர்ந்து மிச்சம்?"

பலகை மேலிருந்த முற்றத்தைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்த படம் ஒன்று கைபேசிக்குக் கைபேசி தாவி, கடைசியில் ஆலைக்கே போய்ச் சேர்ந்தது. ஆலையில் புது அலுவலகக் கட்டடம் திறக்கப் போகிறார்கள். டை கட்டிய இளம் அதிகாரி ஒருவர் வந்தார். வேலைக்குப் புதுசு, பழைய சங்கதி எதுவும் தெரியாதவர். "எங்க பழைய யார்டு அப்படியே இருக்கே! நுழைவு ஹால்ல வெச்சா அவ்வளவு அழகா இருக்கும், மேடம்" என்றார். பல்லக்கா விளக்குமாற்றைத் தேடினாள். தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

"குடுத்துருக்கா. அவங்க வாசல்லயே அந்தப் படி தொங்கட்டும். போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும். நான் குதிக்கலைன்னு இனிமே நான் யார்கிட்டயும் சொல்லத் தேவையில்ல."

அவன் எதையும் கேட்டவனில்லை. கேட்டதால் கொடுத்தாள். "ஒரு பொட்டுத் தூசியைக்கூடத் தொடக்கூடாது" என்று மூன்று தரம் சொன்னாள். அதிகாரி மூன்று தரமும் தலையாட்டினார்.

திறப்பு விழாவன்று தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கட்டைக் காலை மாட்டிக்கொண்டு வந்தான். ஹாலில் நல்ல கூட்டம். ஓய்வு பெற்ற பழைய ஆட்களையெல்லாம் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த டிரைவரும் இருந்தார், இவள் கட்டிய பல்லோடு. நடு மேசையில் முற்றம். கண்ணாடிக் கூண்டு இன்னும் மாட்டவில்லை.

பல்லக்கா கிட்டே போனாள். பார்த்தாள். எஞ்சின் பளபளவென்று மஞ்சளாய் நின்றது. கரி இல்லை, கறை இல்லை, ஒரு துளி துரு இல்லை. இடப்பக்கத்துப் படி நேராக, கம்பீரமாக, ஒட்டப்பட்டிருந்தது.

தம்பி குனிந்து படியைப் பார்த்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அதிகாரி சிரித்த முகமாக வந்தார். "நல்லா இருக்கா மேடம்? ரொம்ப அழுக்கா இருந்துச்சு, எங்க பெயிண்டரை வெச்சு சுத்தம் பண்ணிட்டோம். படிகூட வளைஞ்சு தொங்கிச்சு. கொண்டு வர்றப்போ ஒடஞ்சிருக்கும்போல. நிமித்தி ஒட்டியாச்சு."

"ஒடஞ்சிருக்கும்போலவா?" பல்லக்காவின் சத்தத்தில் ஹால் முழுக்கத் திரும்பியது. "அது தொங்கணும்னுதான்யா கண்ணு பூத்துப் போக உக்காந்து வளைச்சேன்! அன்னிக்குப் பெரிய வண்டிக்கு விடியறதுக்குள்ள பெயிண்ட் அடிச்சு, படி மாத்தி, என் தம்பியைக் குதிச்சவன் ஆக்குனீங்க. இப்போ இந்தச் சின்ன வண்டியையும் விட மாட்டீங்களா? எத்தனை தடவைடா அந்தப் படியை நிமித்துவீங்க?"

அதிகாரி மேடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பெரிய ஆட்கள் மேடையிலிருந்து பார்க்கிறார்கள். "மேடம், மெதுவா. எங்க வண்டியில அந்த மாதிரிப் பழுதே இருந்ததில்ல. வேணும்னா இவரையே கேளுங்க, இவர்தான் அதை ஓட்டினவர்" என்று முன்வரிசைக்குத் திரும்பினார். "சொல்லுங்க ஐயா, அந்தப் படி எப்படி இருந்துச்சு?"

அதே ஆலை. அதே ஆள். அதே கேள்வி. கேட்டவருக்கு மட்டும் அது தெரியாது.

டிரைவர் எழுந்தார். மேசைக்கு வந்து குனிந்து எஞ்சினைப் பார்த்தார். தம்பியின் காலைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அந்தப் பித்தளைப் படியின் மேல் வைத்து அழுத்தினார். ஒட்டியிருந்த ஒரு முனை விட்டு, படி தொங்கியது.

"இன்னும் கொஞ்சம் உள்பக்கமா, அண்ணே" என்றான் தம்பி.

அவர் இன்னும் கொஞ்சம் வளைத்தார்.

"இப்படித்தான் இருந்துச்சு" என்றார் டிரைவர், மேடைக்கும் கேட்கும்படி. "பையன் குதிக்கல. படி விட்டுருச்சு. நான் பொய் சொன்னேன்."

முன்வரிசையில் இன்னும் இரண்டு கிழவர்கள், "ஆமா, தொங்கிக்கிட்டுத்தான் கெடந்துச்சு" என்று எழுந்தார்கள். டிரைவர் பல்லக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் மனம் இளகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இளகவில்லை.

"இன்னிக்குச் சொல்ற வாய்க்கு நான் பல்லு கட்டிக் குடுத்தேன்" என்றாள். "அன்னிக்கு உங்க சொந்தப் பல்லே வாய் நிறைய இருந்துச்சே. அப்போ ஏன்யா இந்த வார்த்தை வரல?"

அவர் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

தம்பி எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். பளபளக்கிற மஞ்சளை அவன் பார்க்கவே இல்லை. தொங்குகிற படியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா," என்றான், "இப்போதான் சரியா வந்திருக்கு."