மகள் செய்த பல் டாக்டர் பக்கம்

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து கற்றது திருமுல்லைவாயில் ஸ்டேஷனில். அம்பத்தூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன காலத்தில், ரயில் வரும்வரை எதிரே இருக்கும் மஞ்சள் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூட வேலை செய்தவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுப்பார். ஊர்ப் பெயரும்தான் எவ்வளவு நீளம்! அந்தப் பழக்கமோ என்னவோ, எழுத்து பெரிதாக இருந்தால்தான் எனக்கு ஓடும். பொடி எழுத்து என்றால் கண்ணாடி போட்டாலும் ஓடாது.

என் மகள் வெப்சைட் செய்யும் வேலையில் இருந்தாள். என் போனில் எழுத்தை இருக்கிறதிலேயே பெரிதாக வைத்துக் கொடுத்தவள் அவள்தான். எந்தப் பக்கம் செய்தாலும் என் போனில் திறந்து நீட்டுவாள்.

"படி நைனா."

"பட்டன் பாதிதான் தெரியுது. மீதிய இன்னா, முழுங்கிட்டியா?"

"உன் எழுத்து ஸ்டேஷன் போர்டு சைஸ்ல கீது. நான் இன்னா பண்ண?"

சிரிப்பாள். ஆனால் உட்கார்ந்து சரிசெய்துவிடுவாள். கூட வேலை செய்பவர்களிடம் போனில் சண்டையும் போடுவாள்: "எழுத்த ஆணியடிச்சி வெக்காதீங்கப்பா. அவங்க போன்ல இன்னா சைஸ் வெச்சிகீறாங்களோ, நம்ம பக்கம் அத கேட்டு நடக்கணும்."

கடைசியாக அவள் செய்தது மாங்காட்டில் ஒரு பல் டாக்டருக்கு. அங்கேதான் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ஊசியைப் பார்த்து நான் நடுங்கியபோது, கையைப் பிடித்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னதையே அதில் எழுதியிருந்தாள்: "ஊசிக்குப் பயமா? கண்ணை மூடிக்கோங்க. முடிஞ்சதும் சொல்றோம்."

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதிலிருந்து தினமும் டீ குடித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மெதுவாகப் படித்தால் அவள் பேசுவது போலவே வரும்.

ஒருநாள் திறந்தால் புதுப் பக்கம். யாரோ மாற்றியிருக்கிறார்கள். எல்லாம் பொடி எழுத்து. விரலால் விரித்துப் பார்த்தேன், அசையவில்லை. பூதக்கண்ணாடி வைத்தால் நாலு எழுத்து தெரியும். அடுத்த நாலுக்குப் போவதற்குள் முதல் நாலு மறந்துபோகும்.

பஸ் பிடித்துப் போனேன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலை, வண்டி நகரவே இல்லை. மாங்காட்டில் டாக்டரின் முன்னறையில் இருந்த பெண் என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"உங்க போன்ல எல்லாம் பெரிசாத்தான் கீது தாத்தா. எங்க பக்கந்தான் கேக்க மாட்டேங்குது. புச்சா செஞ்சவங்க அப்பிடி வெச்சிட்டாங்க."

"பெரிசு பண்ண முடியாதாம்மா?"

"அது எங்க கையில இல்ல. இன்னா வேணும் சொல்லுங்க, நானே படிக்கிறேன்."

ஊசி பற்றிய இடத்தைக் கேட்டேன். தேடி எடுத்து ஒரே மூச்சில் படித்தாள். வார்த்தை ஒன்றும் மாறவில்லை. மகள் குரல்தான் அதில் வரவில்லை.

"கேட்டுச்சா? இன்னொரு வாட்டி படிக்கட்டா?"

"வேணாம்மா."

என் முகத்தைப் பார்த்தாள். "பல்லு ரொம்ப வலிக்குதா தாத்தா?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றேன். அழுவதற்கு அது ஒரு காரணமாக இருந்தது.