வெயிலுமுத்துவின் கையெழுத்து

எப்போதும்வென்றான் ஊர்க்காரர் வெயிலுமுத்து. ஊர்ப் பெயருக்கேற்ற பிடிவாதக்காரர். மூட்டை தூக்கித் தூக்கியே கோவில்பட்டியில் சொந்தமாக மிளகாய் வத்தல் மண்டி போட்டவர். அவர் கையெழுத்தைப் பார்த்தால் வியாபாரிகள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

பாழாய்ப்போன வாதம் அந்த வலது கையைத்தானா பிடிக்க வேண்டும்? அதன்பிறகு அவர் போட்டதெல்லாம் கோழிக் கிறுக்கல். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒப்பந்தங்கள் திரும்பி வந்தன. "மச்சினன் பேர்ல பவர் எழுதிக் குடுத்துட்டு வீட்ல இருங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள். உயிரோடு இருக்கையிலேயே கடையை விட்டு இறங்குவதா? மனுஷன் குமைந்து போனார்.

ஆடிட்டர் பூவனலிங்கம்தான் வழி சொன்னார். "டிஜிட்டல் கையெழுத்து இருக்குல்லா அண்ணாச்சி! ரெண்டாயிரத்துலயே சட்டம் போட்டுட்டாவ. பேனாவுல போட்டதுக்கு உள்ள மதிப்பு இதுக்கும் உண்டு."

விரல் நீளத்தில் ஒரு டோக்கன் வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகி, தனக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணைத் தட்டினால் போதும். தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் நந்தகோபாலும் சம்மதித்தார். நல்ல நாள் பார்த்து, முதல் ஒப்பந்தம் விஜயதசமி அன்று மதியத்துக்குள் என்று பேச்சு. தவறினால் வேறு மண்டியைப் பார்த்துக்கொள்வார்.

முந்தின நாள் ஆயுதபூஜை. தராசு, சாக்கு ஊசி, கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அவர் மனைவி பாண்டியம்மாள், டோக்கனின் மூடியையும் கழற்றி உள்ளே சந்தனத்தை அப்பிவிட்டாள். மறுநாள் செருகினால், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

"ஏட்டி, எனக்கு இருந்த ஒரே கையையும் முடக்கிட்டியே!"

"நம்மளக் காப்பாத்தப் போறது அதானேன்னு கூடக் கொஞ்சம் வச்சேன்" என்று அழுதாள் அவள். அதற்குமேல் என்னத்தைத் திட்ட?

கணக்குப் பார்க்கும் பானு பழைய பல் பிரஷ்ஷை எடுத்தாள். தேய்த்தாள், ஊதினாள், வெயிலில் காயவைத்தாள். திரும்பச் செருகியதும் டோக்கனில் விளக்கு எரிந்தது. வெயிலுமுத்து இடது கை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார்.

"நீ நல்லா இருப்ப தாயி" என்றார் பானுவிடம். "சட்டம் போட்ட மகராசன் எந்த ஊருக்காரனோ, அவன் புள்ளகுட்டியும் நல்லா இருக்கணும்."

சற்று நேரத்தில் போன் அடித்தது. நந்தகோபால்தான்.

"அண்ணாச்சி, உங்க கையெழுத்து வந்துட்டு. சரியா இருக்கு."

வெயிலுமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். மூலையில் முகம் கொடுக்காமல் நின்ற பாண்டியம்மாளை அருகே இழுத்து, போனை அவள் காதில் வைத்தார்.

"இன்னொரு மட்டம் சொல்லுங்க. இவளும் கேக்கட்டும்."