ஆற்றங்கரையில் இறக்கி வைத்த தீச்சட்டி

செல்லசாமித் தாத்தா சாமி கும்பிடுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கண்ணை மூட மாட்டார், கையைக்கூட ஒழுங்காகக் கூப்ப மாட்டார். காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, தோட்டத் துரையிடம் முறையிடுகிற தோரணையில் பேச ஆரம்பிப்பார். மூன்றாவது லயத்து வீடுகளின் குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை, கடைசிக் காம்பராவில் குடியிருக்கிற கிழவிக்கு இன்னும் அடையாள அட்டை வரவில்லை, நீ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எப்படி என்று ஆத்தாவையே கேட்பார். சொந்த வீட்டு விஷயம் கடைசியில், அதுவும் நேரம் இருந்தால்தான் வரும். சின்ன வயதில் பக்கத்தில் நின்று கேட்ட பேத்தி பிரேமினிக்கு, நம்மைப் பற்றி எப்போதுதான் சொல்லப் போகிறாரோ என்று எரிச்சலாக இருக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறி, இறங்கிய பிறகும் இரண்டு மைல் மேலே நடக்க வேண்டிய தேயிலைத் தோட்டம் அவர்களுடையது. தாத்தா அங்கே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய ஆள். இருபது வருஷத்துக்கு மேல் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், கோயில் சபைக்கும் அவரே தலைவர். அதனால் ஊரெல்லாம் அவருக்குத் தலைவரய்யாதான். பிறப்புப் பதிவு, பென்சன் பாரம் நிரப்புவது, பள்ளிக்கூடத்துக்குக் கூரைத் தகரம் என்று அவர் ஏறி இறங்காத கந்தோர் கிடையாது. ஆனால் இன்றைக்கும் சனங்கள் அவரை நினைப்பது அதற்காக அல்ல. ஆஸ்பத்திரிக்குத் துணை போனதற்காக.

அதற்குக் காரணம் அவருடைய மனைவி நாகலெட்சுமி. பிரேமினியின் அம்மாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நாகலெட்சுமி திரும்பி வரவில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டவர்களுக்குத் தமிழ் தெரியாது. பதில் சொல்ல நின்ற இவருக்குச் சிங்களம் தெரியாது. யாரையும் அவர் குறை சொன்னதில்லை. ஒரே மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, வட்டவளைப் பக்கம் ஒரு மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றப் போனார். இரண்டு வருஷத்தில், சண்டை போடுகிற அளவுக்குச் சிங்களம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து தோட்டத்தில் யாருக்கு முடியாமல் போனாலும், முதலில் தேடப்பட்டது தலைவரய்யாவைத்தான். பிளாஸ்கு, துவாய், சவர்க்காரம் எல்லாம் போட்ட ஒரு பை அவர் வீட்டுக் கதவில் எப்போதும் தொங்கும். ஆஸ்பத்திரி மர வாங்கில் உட்கார்ந்தபடியே குறட்டை விட அவரால்தான் முடியும். வேற்றுச் சங்கத்துக்காரன், தேர்தலில் எதிராக நின்றவன் என்றெல்லாம் அவர் பார்த்ததில்லை. திட்டிக்கொண்டே போவார், ஆனால் போவார்.

பிரேமினிக்குப் பதினாலு வயதில் இருதயத்தில் ஓட்டை என்று கண்டுபிடித்தார்கள். கொழும்பில் ஒப்பரேசன். அந்த முறைதான் தாத்தா ஆத்தாவிடம் சொந்த வீட்டு விஷயத்தை முதலில் சொன்னார். பிள்ளை உயிரோடு வீடு வந்தால் ஏழு வருஷம், ஒரு வருஷம்கூட விடாமல், திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை வீடு வந்தாள். தாத்தாவும் சொன்ன சொல் தவறவில்லை. கொரோனா வந்து கோயிலைப் பூட்டிய வருஷங்களில்கூட, பூசாரியும் தப்பு மேளம் அடிக்கிற ஒருவரும் மட்டும் கூட வர, ஆளில்லாத பாதையில் சட்டியோடு நடந்தார்.

ஏழாவது வருஷம், நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன வருஷம். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். கடைசி நாள், ஆற்றங்கரையில் தாத்தா மஞ்சள் வேட்டியோடு நின்றார். சட்டியில் நெருப்புப் போட்டாயிற்று. தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கீழ் லயத்து லோஜன் ஓடி வந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. நிறைமாதமாக இருந்த அவன் மனைவி சர்மிளாவுக்கு இரத்தம் நிற்காமல் போகிறது, தோட்டத்து லொறிக்கு டீசல் இல்லை, பிரதாப்பின் ஆட்டோவில் மட்டும் ஒரு போத்தல் பெட்ரோல் இருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

அரை மணி நேரம் பொறுக்கட்டும், சட்டி கோயிலுக்குப் போய்ச் சேரட்டும் என்றார்கள் நாலு பேர். சிங்களம் தெரிந்த பையன்கள் அங்கே இல்லாமல் இல்லை. பிரேமினிக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள், அப்போது இருபது வயது. நான் போகிறேன் தாத்தா என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. இரத்தம் என்றதும் பயம், அவ்வளவுதான். தாத்தா யாரையும் எதிர்பார்த்தும் நிற்கவில்லை. சட்டியைக் கல்லின் மேல் இறக்கி வைத்தார்.

"ஆத்தாவுக்குப் பொறுக்கத் தெரியும். அந்தப் புள்ளைக்குப் பொறுக்க முடியாது" என்றார். காப்புக் கட்டிய கையோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஐந்தாவது நாள் திரும்பினார். சர்மிளா பிழைத்துவிட்டாள், குழந்தை பிழைக்கவில்லை. நேர்த்தியை முறித்ததுதான் காரணம் என்று சில வாய்கள் பேசின. இனி முதலிலிருந்து ஏழு வருஷம் எடுத்தால்தான் நேர்த்தி தீரும் என்று பூசாரி சொல்லிவிட்டார். பிரேமினியின் அம்மா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எழுபத்து நாலு வயது, முழங்கால் இரண்டும் கோளாறு, இன்னும் ஏழு வருஷமா? தாத்தா மட்டும் சந்தோசமாகத் தலையாட்டினார்.

"நல்லதாப் போச்சு. இன்னும் ஏழு வருஷத்துக்கு என்னைய எமன்கூட கூப்புட முடியாது. ஆத்தாவே எழுதிக் குடுத்துட்டா."

பிரேமினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய உயிரை வைத்துச் செய்த நேர்த்தி. நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலும், ஆத்தா திருப்பிக் கேட்கிறாளோ என்று ராத்திரியெல்லாம் புரண்டாள். கிளினிக்கில் எல்லாம் சரி என்று சொன்னாலும் நம்பிக்கை வரவில்லை. தாத்தாவின் மேல் கோபப்பட முடியாது. தன் மேல் கோபப்படவும் துணிவில்லை. அதனால் அந்தக் கோபம் முழுவதையும் பாவம் சர்மிளாவின் தலையில் இறக்கினாள். பிரேமினி வேலை பார்ப்பது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். பின்னால் சர்மிளாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதையும் அவள் அங்கேதான் கொண்டுவந்து விட்டாள். பிரேமினி பிள்ளையை வாங்கிக்கொள்வாள். தாயின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சர்மிளாவும் ஏன் என்று கேட்டதில்லை.

தாத்தா மேலும் மூன்று வருஷம் சட்டி எடுத்தார். மூன்றாவது வருஷம் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். போன ஐப்பசியில், யாருக்கோ துணை போய்விட்டு வந்து, வெந்நீரில் கால் கழுவி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஹற்றன், அக்கரப்பத்தனை என்று எங்கெங்கிருந்தோ வந்து அழுதவர்களில் பாதிப் பேரை வீட்டுக்காரர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு சிங்களத் தாதிமார்கூட வந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய மனுசனோடா ஒரே காம்பராவில் இத்தனை வருஷம் இருந்தோம் என்று பிரேமினிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கொடுத்து வைத்தவள் நான் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

ஆனால் நாலு வருஷத்து நேர்த்தி மீதி நின்றது.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள் நெருங்க நெருங்க அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டு ஆள்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சீனி வியாதி, காலில் ஆறாத புண். வேறு பிள்ளைகள் தாத்தாவுக்கு இல்லை. நானே எடுக்கிறேன் என்றாள் பிரேமினி. பாரம் தூக்காதே என்று டாக்டர் சொன்னதை அம்மா ஞாபகப்படுத்தினாள். எடுக்காவிட்டால் பயம், எடுத்தாலும் பயம். எதற்குப் பயந்தாலும் பயந்தது அதே நெஞ்சுக்குத்தான். கடைசியில் பிரேமினி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

பூசாரி காப்புக் கயிறுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு, செல்லசாமித் தலைவர் வீட்டு நேர்த்திக்கு யார் என்று கூப்பிட்டார். பிரேமினி கையை நீட்டுவதற்குள் இன்னொரு கை முன்னால் வந்தது. சர்மிளா. அவளும் மஞ்சள் சேலைதான். தூரத்தில் லோஜன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்குக் கட்டுங்க பூசாரியய்யா. நாலு வருஷமும் நான் எடுக்குறேன்."

பூசாரி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடுத்த வீட்டு நேர்த்தியை நினைத்தவர்களெல்லாம் வந்து எடுக்க முடியாது, இரத்த உறவு வேண்டும், நீ அவருக்கு என்ன முறை என்று கேட்டார்.

சர்மிளா கையை மடக்கவில்லை. "அன்னைக்கு வார்டு வாசல்ல சொந்தக்காரங்க மட்டுந்தான் நிக்கலாம்னாங்க. நான் என்ன உறவுன்னு தலைவரய்யாகிட்ட கேட்டாங்க. தலைவரய்யா இது என் மகள்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு அப்பா இல்லீங்க, முகமே தெரியாது. புள்ள செத்துப்போச்சுன்னு சொன்னப்போ, என் தலையப் புடிச்சிக்கிட்டு அழுதது அவங்கதான்."

எழுதினால் மட்டும் உறவாகிவிடுமா என்று பூசாரி இழுத்தார். வீட்டு ஆட்கள் சொல்லட்டும் என்று பிரேமினியின் பக்கம் திரும்பினார்.

பிரேமினி சர்மிளாவைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அவள் முகத்தை இவள் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு பேருக்கும் வயதில் ஒரு வருஷம்கூட வித்தியாசம் இருக்காது. உன்னால்தான் எல்லாம் என்று யாரை நினைத்தாளோ, அவள்தான் இவளுடைய உயிருக்காக நெருப்பைத் தூக்க வந்து நிற்கிறாள். நன்றி சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. அந்த வார்த்தை அங்கே சரியாகப் பொருந்தவில்லை. தன் கையை இறக்கிக்கொண்டாள்.

"அம்மாவோட தங்கச்சி. எங்க சின்னம்மாதான் பூசாரியய்யா. கட்டுங்க."