அக்காவின் முதுகும் என் முதுகும்

அக்காவுக்கு முதுகுவலி வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. டுரியான் துங்கால் ஊரை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் குனிந்து மூட்டை நிரப்ப வேண்டும். ஒருநாள் நிமிரும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றாள். பிடித்தது விடவேயில்லை. வேலையை விட்டுவிட்டுத் அதே ஊரில் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்த பிறகும் வலி போகவில்லை. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

நான் இருப்பது தங்கா பத்துவில். வேலை தெங்கேராவில், ஒரு தளவாடக் கடையில். அலமாரி, மெத்தை, சாப்பாட்டு மேசை என்று எதையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவேன். வயது ஐம்பத்தொன்று. அதுவரை எனக்கு முதுகு இருக்கிற நினைவே வந்ததில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்காவின் வலியை நான் முழுதாக நம்பியதில்லை. அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் நானும் என் மனைவியும்தான் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டினோம். அக்கா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி துண்டை எடுத்து நீட்டுவாள். பார்க்க வந்தவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். "சிரிக்க முடியுது, தூக்க முடியலையாம்" என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். அக்காவிடம் சொன்னதில்லை.

போன வருஷம் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களின் முதுகெலும்பையும் மூளையையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க, வலியே இல்லாத ஆட்களும் வேண்டுமாம். ஆராய்ச்சி செய்த டாக்டர் தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். அக்காவிடம் பேசி முடித்துவிட்டு, அன்று அங்கே வந்திருந்த என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அங்கிள், உங்களுக்கு வலி ஒண்ணும் இல்லதானே?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் தூக்காத சாமானா?"

"அப்ப நீங்களும் வாங்க லா. ரொம்ப உதவியா இருக்கும்."

என் காடியை ஓட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போனோம். படத்தில் ஏதாவது தென்பட்டால் உங்களுக்குச் சொல்லலாமா என்று பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. யோசிக்காமல் 'ஆம்' என்பதில் குறி போட்டேன். பிறகு என்னை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் குழாய்க்குள் தள்ளினார்கள். தகரக் கூரையில் யாரோ ஓயாமல் சுத்தியல் அடிப்பது போல் சத்தம். கெண்டைக்காலில் ஒரு பட்டையைச் சுற்றி, காற்றடைத்து இறுக்கினார்கள். எவ்வளவு வலிக்கிறது என்று கையிலிருந்த பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும். எனக்கு நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. அக்காவுக்கு ஆரம்பத்திலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம். வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. 'இதற்கே இப்படியா?' என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து இருவரையும் வரச் சொன்னார்கள். டாக்டர் கணினியில் இரண்டு முதுகெலும்புப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மெத்தையாக, ஒழுங்காக இருந்தது. மற்றதில் கீழே இரண்டு மெத்தைகள் கறுத்து, பின்பக்கம் பிதுங்கி நின்றன. எனக்கே புரிந்தது. பாவம், இவ்வளவு கெட்டுப்போயிருக்கிறதே, இவளையா சந்தேகப்பட்டோம் என்று அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அங்கிள், இது உங்களோடது" என்றாள், பிதுங்கியிருந்ததைக் காட்டி.

"இல்லம்மா, மாறிப்போச்சு. இது அக்காவோடது."

டாக்டர் படத்திலிருந்த எண்ணையும் பிறந்த தேதியையும் திரும்பச் சரிபார்த்தாள். மாறவில்லை. அந்த ஒழுங்கான முதுகுதான் அக்காவுடையது.

"வலியே இல்லாம இப்படி இருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. வயசானா முடி நரைக்கிற மாதிரிதான். பயப்படாதீங்க."

பயப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் முதுகுக்குள் இருப்பது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் வலி எங்கம்மா இருக்கு?"

"இந்தப் படத்துல தெரியல ஆன்டி. மூளைப் படமும் எடுத்திருக்கோம். ஆனா ஒருத்தரோடத மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. நிறைய பேரோடத சேர்த்துப் பார்க்கணும்."

"மூளையா? எனக்குக் கிறுக்குன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல ஆன்டி. கால்ல முள்ளு குத்துனாலும் வலி தெரியறது மூளையிலதான். வருஷக்கணக்கா வலிச்சிருந்தா, அப்புறம் சின்னதாத் தொட்டாலே உடம்பு பெருசாக் கத்துமோன்னு நினைக்கிறோம். அதைத்தான் தேடறோம். எனக்கே இன்னும் முழுசாத் தெரியல."

வலி நிஜமா இல்லையா என்று அவள் ஒரு வார்த்தையில் முடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா சொன்னது பொய்யில்லை என்றாள். படத்தில் எதுவும் இல்லை என்றும் சொன்னாள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு ஸ்டாலில் பால் விடாத தேநீர், தே ஓ, குடிக்க நிறுத்தினோம். அக்கா நேராகக் கேட்டாள்.

"நீ என்னை நம்புனியாடா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முழுசா இல்லக்கா."

"தெரியும். அம்மா படுத்திருந்தப்பவே தெரியும்." கோப்பையைக் கீழே வைத்தாள். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தா நம்பியிருப்பீங்களோ என்னவோ. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அப்படி இருக்க எனக்கு வராது லா."

நான் மன்னிப்புக் கேட்டேன். போதுமான அளவு கேட்டேனா என்று தெரியவில்லை. அவள் எழுந்து காடியை நோக்கி நடந்தாள், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அங்கிருந்து திரும்பிய மூன்றாம் நாள் எனக்கு வலி வந்தது. ஓர் அலமாரியோடு இரண்டாம் மாடிப் படியில் நின்றுவிட்டேன். அந்தக் கறுத்த மெத்தைகள் கண் முன்னே வந்தன. இன்னும் ஓர் அடி வைத்தால் அவை வெளியே வந்து விழுந்துவிடும் போல இருந்தது. கூட வந்தவன் தனியாகச் சமாளித்து இறக்கினான். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் படுத்தேன். டாக்டருக்குப் போன் செய்தபோது கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று விசாரித்துவிட்டு, கிளினிக்கில் காட்டச் சொன்னாள். அங்கே காலைத் தூக்கிப் பார்த்து, முட்டியைத் தட்டிப் பார்த்து, நடமாடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அலமாரியைத் தூக்கியதால் வந்ததா, மெத்தை பிதுங்கியதால் வந்ததா, படத்தைப் பார்த்ததால் வந்ததா? அந்தப் படம் எடுக்காமல் இருந்திருந்தால் வலித்திருக்குமா? படுத்தபடி இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். வலி என்னவோ நிஜமாகத்தான் இருந்தது. செருப்பை மாட்டக் குனிய முடியவில்லை.

அக்கா டுரியான் துங்காலிலிருந்து வாடகைக் காரில் வந்தாள். நிஜமாகவே வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எந்த இடம், உட்கார்ந்தால் அதிகமா, நடந்தால் அதிகமா, காலையில் எழும்போது எப்படி, இவ்வளவுதான் கேட்டாள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும் என்று கட்டிலில் படுத்தே காட்டினாள். பதினோரு வருஷத்தில் நான் அவளிடம் இதில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

ஆறு வாரத்தில் என் வலி போய்விட்டது. பிதுங்கியவை அங்கேயேதான் இருக்கும் என்கிறார்கள். நான் பழையபடி மாடி ஏறுகிறேன், படியில் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறேன். அக்காவின் வலி போகவில்லை. வாரம் இருமுறை ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறாள். சில நாள் காய்கறி வாங்கப் பசாருக்கு நடந்தே போகிறாள், சில நாள் கட்டிலை விட்டு எழுவதில்லை.

போன மாதம் இரண்டாம் தடவை படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். வலி இல்லாதவர்களோடு என்னைச் சேர்ப்பதா, வலி வந்தவர்களோடு சேர்ப்பதா என்று டாக்டருக்கே குழப்பம். கேட்டுச் சொல்கிறேன் என்றவள் இன்னும் சொல்லவில்லை. படம் எடுத்துக்கொண்டது அக்கா மட்டும். காடி ஓட்டியது நான்தான். இந்த முறை பட்டையைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கும்வரை தாங்கினேன் என்றாள். அது நல்லதா, கெட்டதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.